காசுவரினா என்றால் சவுக்குதான் என்று யாரும் சொல்லவில்லை: பிளஸ் டூ ஆங்கிலப் பாடம் எடுப்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும்

கரையோர ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் பக்கம் கடலோர ஊர் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ புத்தகத்தில் தோரு தத் எழுதிய 'அவர் காசுவரினா ட்ரீ' (Our Casuarina Tree) என்ற கவிதை இருக்கிறது. போன வாரம் அதை ஆரம்பித்தேன். தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, காசுவரினா என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு பெண் எழுந்து 'உயரமான பசுமை மாறா மரம், மிஸ்' என்றாள். கைடில் அப்படித்தான் போட்டிருக்கிறது. சரி, அதை நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டால், இல்லையாம். அவள் அப்பா சவுக்குத் தோப்பு குத்தகைக்கு எடுத்து வெட்டுகிறவர். சாரத்துக்குப் போகிற கட்டையையும் விறகுக்குப் போகிற கட்டையையும் பிரித்து அடுக்கும் வேலையை லீவு நாளில் அந்தப் பெண்ணே செய்கிறாள். ஜன்னலுக்கு வெளியே கை காட்டி, அதோ நிற்கிறதே, அதுதான் காசுவரினா என்று சொன்னதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. 'சவுக்கா மிஸ்? இதையா பாட்டு எழுதியிருக்காங்க?' என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

அதற்குப் பிறகு பாடம் எடுக்க நான் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை. கவிதையில் ஓர் இடம் வரும்: ஏதோ ஒப்பாரி போன்ற மெல்லிய இரைச்சல் கேட்கிறது, கூழாங்கல் கரையில் கடல் உடைவது மாதிரி, அது மரத்தின் புலம்பல் என்று. 'டர்ஜ்' என்றால் ஒப்பாரிப் பாட்டு என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, முதல் பெஞ்ச் பையன் ஒருவன், 'ஆமா மிஸ், வாடைக் காத்துல சவுக்குத் தோப்பு கடல் மாதிரியேதான் இரையும், ராத்திரி எது கடல், எது தோப்புன்னு தெரியாது' என்றான். கல்கத்தாவில் பிறந்து, 21 வயதில் காசநோயில் இறந்துபோன ஒரு பெண் எழுதியதை, அவள் இறந்து ஏறக்குறைய 150 வருஷம் கழித்து, எங்கள் ஊர்ப் பையன் 'ஆமாம், உண்மைதான்' என்று சாட்சி சொல்கிறான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கூழாங்கல் கரை என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை, எங்களிடம் வெறும் மணல். கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லியில் கொஞ்சத்தை ஒருவன் சாக்கில் அள்ளி வந்து வராந்தாவில் கொட்டி, விளக்குமாறால் மெதுவாக இழுத்துக் காட்டினான். சர்ர்ர் என்று ஒரு சத்தம். அலை திரும்பும்போது இந்தச் சத்தத்தோடு திரும்பும் என்றேன். அவ்வளவுதான்.

என் கேள்வி இது. பாடம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, ஏன் கைடு வழியாகவே போய்க்கொண்டிருக்கிறோம்? உரைநடை, கவிதை, நாடகம் மூன்றையும் ஒரே மாதிரி 'பேராகிராஃப் ஆன்சர்' ஆக்கி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். நீங்கள் உங்கள் வகுப்பில் எப்படி எடுக்கிறீர்கள்? படித்தவர்கள் எப்படிப் படித்தீர்கள்?

சேலம் அம்மா:

மேடம், படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு அம்மாவாக என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி. இப்போது பிளஸ் டூ. எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 90-இல் 35 பக்கம் வாங்கி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் பள்ளியில் 'மெல்லக் கற்போர்' என்று பெயர் எழுதி, நாலு பேராகிராஃபும் ஒரு கடிதமும் அடங்கிய ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொடுத்து, இதை மட்டும் உருப்போடு என்று சொல்லிவிட்டார்கள். அதைச் செய்தால்தான் பாஸ். ஜன்னல் வழியே மரம் பார்த்தால் பாஸ் ஆகுமா என்ற பயம் எனக்கு. வீட்டில் சொல்லிக்கொடுக்க எனக்கும் அவள் அப்பாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது. தப்பாக நினைக்க வேண்டாம்.

பழைய நான்-டீடெயில்:

ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். அம்மா சொல்வது நியாயமான பயம், அதைத் தள்ளிவிட்டுப் பேசக் கூடாது.

எங்கள் காலத்தில் ஆங்கிலம் இரண்டு தாள், 200 மதிப்பெண். முதல் தாளில் புரோஸ், போயம், இலக்கணம். நான்-டீடெயில் என்ற துணைப்பாடக் கதைகள் இரண்டாம் தாள். 2018-19-இல்தான் மேல்நிலையில் மொழிப்பாடம் ஒரே தாளாக மாறியது. தாள் குறைந்ததால் சுமை குறைந்தது, அது நல்லதுதான். ஆனால் நான்-டீடெயிலுக்கென்று தனியாக ஒரு பீரியட் இருந்தது, அதில் கதையைக் கதையாக வாசிப்போம். அந்த நேரம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

கவிதைக்கு நான் செய்தது ஒன்று சொல்கிறேன். ஷேக்ஸ்பியரின் 'ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' இப்போதும் பிளஸ் டூவில் இருக்கிறது. மனித வாழ்வின் ஏழு பருவங்கள். அதை எடுப்பதற்கு முன்னால் குண்டலகேசிப் பாட்டைச் சொல்வேன்: 'பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்' என்று தொடங்கும். குழந்தைப் பருவம் செத்து, பாலப் பருவம் செத்து, காளைப் பருவம் செத்து, இப்படி நாளும் நாளும் செத்துக்கொண்டுதானே இருக்கிறோம், பிறகு நமக்காக நாமே ஏன் அழவில்லை என்று கேட்கும் பாட்டு. அதைச் சொன்ன பிறகு ஷேக்ஸ்பியரிடம் போனால் பிள்ளைகளே வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள். நம் ஆள் ஒவ்வொரு பருவத்தையும் ஒரு சாவாகப் பார்க்கிறார். ஷேக்ஸ்பியரில் இந்த வரிகளைப் பேசும் ஜேக்விஸ் என்ற பாத்திரம் அதை நாடகத்தில் போடும் வேஷமாகப் பார்க்கிறான், கடைசி வேஷத்தில் பல்லும் இல்லை, கண்ணும் இல்லை, ருசியும் இல்லை. இந்த ஒப்பீட்டைச் செய்த பிள்ளைக்கு ஏழு பருவத்தையும் வரிசையாக எழுத உருப்போட வேண்டியதே இல்லை.

மெட்ரிக் ஆங்கிலம்:

இந்த இடத்தில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. நான் தனியார் பள்ளியில் எடுக்கிறேன். ஆங்கில வகுப்பில் தமிழில் விளக்கினால் பிள்ளை தமிழில்தான் யோசிக்கும், பரீட்சையில் தமிழ் வாக்கியத்தை ஆங்கில வார்த்தைகளால் எழுதி வைக்கும். வருஷா வருஷம் விடைத்தாளில் இதைத்தான் திருத்துகிறேன். சவுக்கு, குண்டலகேசி எல்லாம் சுவையாக இருக்கலாம், ஆனால் 45 நிமிட பீரியடில் அரை மணி நேரம் தமிழ் ஓடினால் ஆங்கிலம் காதில் விழுவது எப்போது? நம் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வெளியில் ஆங்கிலம் கேட்க வேறு இடமே கிடையாது. அந்த ஒரு பீரியடையும் பறிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கரையோர ஆசிரியை:

@மெட்ரிக் ஆங்கிலம், ஆங்கிலம் காதில் விழ வேண்டும் என்பதில் நானும் உங்கள் கட்சிதான் சார். ஆனால் புரியாத சத்தம் எவ்வளவு நேரம் காதில் விழுந்தாலும் அது பாஷை ஆகாது. நான் செய்வது: முதல் பத்து நிமிஷம் தமிழ், சூழ்நிலை என்ன, யார் பேசுகிறார்கள், யாரிடம். அதற்குப் பிறகு கவிதையை மூன்று முறை சத்தமாக வாசிப்போம். முதலில் நான், அப்புறம் வரிசைக்கு ஒரு வரியாக அவர்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து. அந்த முப்பது நிமிஷமும் முழுக்க ஆங்கிலம்தான்.

@சேலம் அம்மா, மகள் அந்த ஜெராக்ஸ் கட்டைப் படிக்கட்டும், நிறுத்த வேண்டாம். கூடவே ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு பேராகிராஃபையும் உருப்போடுவதற்கு முன்னால் அந்தக் கதையை உங்களிடம் தமிழில் சொல்லட்டும். நீங்கள் கேட்டுவிட்டு, 'ஏன் அவன் அப்படிச் செய்தான்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. கதை தெரிந்த பிள்ளைக்குப் பரீட்சையில் நடுவில் ஒரு வரி மறந்தாலும் கை நிற்காது. உருப்போட்ட பிள்ளைக்கு ஒரு வரி போனால் மொத்தமும் போய்விடுகிறது.

கோத்தகிரி குளிர்:

உரைநடை பற்றி யாரும் பேசவில்லையே. நான் நீலகிரியில் எடுக்கிறேன். ஜார்ஜ் ஆர்வெல்லின் 'எ நைஸ் கப் ஆஃப் டீ' பிளஸ் டூ புரோஸ். 1946-இல் எழுதிய சின்னக் கட்டுரை, நல்ல டீ போடுவதற்குப் பதினொரு விதி. எங்கள் பிள்ளைகளில் பலர் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஆர்வெல்லின் முதல் விதியே இந்தியத் தேயிலை அல்லது இலங்கைத் தேயிலைதான் வேண்டும் என்பது. அதைப் படித்ததும் ஒரு பையன் கை தூக்கினான். அவன் தாத்தா பாட்டி கண்டி பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து இங்கே மறுபடியும் கொழுந்து பறித்தவர்கள். 'அப்போ ரெண்டு டீயும் எங்க பாட்டி பறிச்சதுதான் சார்' என்றான்.

கட்டுரையில் எங்கேயும் பறித்தவர்கள் வரவில்லை என்பதை அப்போதுதான் வகுப்பு கவனித்தது. ஆர்வெல் மேல் குற்றம் சொல்ல அல்ல, அவர் எழுத எடுத்துக்கொண்டது கோப்பையை. ஆனால் ஒரு கட்டுரை எதைச் சொல்கிறது, எதை விடுகிறது என்று பார்க்கும் கண் அன்று வகுப்புக்கு வந்தது. அடுத்த நாள் ஆளுக்குப் பதினொரு விதி ஆங்கிலத்தில் எழுதி வரச் சொன்னேன். டீக்கடை வைத்திருக்கிறவர் மகள், எந்த உயரத்திலிருந்து ஆற்றினால் நுரை நிற்கும் என்று எழுதியிருந்தாள். 'ஆற்றுவது' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடைக்காமல் மூன்று வரி எழுதினாள் பாருங்கள், அந்த மூன்று வரியும் அவளுடைய சொந்த ஆங்கிலம். பிழை இருந்தது. இருக்கட்டும்.

இரவுப்பணி:

நான் ஆசிரியர் இல்லை, குழந்தைகள் வார்டில் நர்ஸ். டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் எழுதிய 'இன் செலிபரேஷன் ஆஃப் பீயிங் அலைவ்' எனக்குப் பிளஸ் டூவில் இருந்தது. கேப் டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு பையன்கள் காலைச் சாப்பாட்டுத் தள்ளுவண்டியை எடுத்து கார் ரேஸ் விடுவார்கள். தள்ளுகிறவனுக்குக் கண் தெரியாது, ஓட்டுகிறவனுக்கு ஒரு கைதான் உண்டு. அந்தப் பாடத்தின் பேராகிராஃபை ஒரு கமா விடாமல் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வண்டியை நான் மனதில் பார்த்ததே இல்லை. 'டிராலி' என்ற வார்த்தையைப் பேருந்து நிலையத்தில் மூட்டை ஏற்றும் வண்டியாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், விடியற்காலை ஐந்தரை மணி. கையில் ஊசிக் குழாயோடு ஒரு ஆறு வயதுப் பையன், டிரெஸ்ஸிங் டிராலியின் அடித்தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இன்னொரு பிள்ளையைத் தள்ளச் சொல்லிக்கொண்டிருந்தான். அதட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பாடம் அன்றுதான் எனக்கு நடந்தது. பதினேழு வயதிலேயே யாராவது 'இது ஆஸ்பத்திரி டிராலி, இப்படித்தான் இருக்கும், சக்கரம் இப்படிக் கிறீச்சிடும்' என்று காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

பழைய நான்-டீடெயில்:

மகளே, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றாக இரு.

இன்னொன்றும் சொல்ல வந்தேன். கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதை ஆங்கில மொழிபெயர்ப்பில் 'தி சேர்' என்று பிளஸ் டூ உரைநடையில் இருக்கிறது. இடைசெவல்காரர் தமிழில் எழுதிய கதையை நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்து, அதற்கும் கைடு வாங்குகிறார்கள். தயவுசெய்து முதலில் தமிழ்க் கதையை வாசித்துக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்த சப்-ஜட்ஜ் முக்காலியோடு உருண்டு விழுகிறார், அதனால்தான் நாற்காலி செய்ய முடிவெடுக்கிறார்கள். முக்காலிக்கு அடுத்தது நாற்காலி, மூன்று காலுக்கு அடுத்தது நாலு கால். தமிழில் அந்தச் சொற்களே கதையை நகர்த்துகின்றன. ஆங்கிலத்தில் 'ஸ்டூல்', 'சேர்' என்று ஆனவுடன் அந்த உறவு அறுந்துபோகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளை, மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்பதையும் அதே பீரியடில் கற்றுக்கொள்ளும்.

மெட்ரிக் ஆங்கிலம்:

ஐயா, 'நாற்காலி' விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அதை இந்த வருஷமே செய்து பார்க்கிறேன். மற்றபடி என் கருத்தில் மாற்றமில்லை. கோத்தகிரி நண்பர் சொன்ன பதினொரு விதி மாதிரி எழுத வைப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அங்கே பிள்ளை ஆங்கிலத்தில் திணறுகிறது. அந்தத் திணறல் வேண்டும்.

நாடகம் யாராவது நடிக்க வைத்திருக்கிறீர்களா? சப்ளிமெண்டரியில், அதாவது துணைப்பாடத்தில், இரண்டு ஓரங்க நாடகம் இருக்கிறது, நான் வாசித்துவிட்டுக் கடந்துவிடுகிறேன். நேரம் இல்லை.

கரையோர ஆசிரியை:

போன வருஷம் 'தி அவர் ஆஃப் ட்ரூத்' போட்டோம் சார். மேடை, உடை எதுவும் கிடையாது, என் மேஜையும் மூன்று பெஞ்சும்தான். பால்ட்வின் என்ற நேர்மையான வங்கி ஊழியர், தன் முதலாளி கிரெஷமுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியவர். 'ஐ டோண்ட் ரிமெம்பர்', நினைவில்லை, என்று மூன்றே வார்த்தை சொன்னால் ஒரு லட்சம் டாலர். குடும்பம் முதலில் நேர்மை பேசும், தொகையைக் கேட்டதும் ஒவ்வொருவராக மெல்ல மெல்லச் சாய்வார்கள்.

வாசித்தபோது இது யாருக்கும் உறைக்கவில்லை. நடித்தபோது, பால்ட்வின் வேஷம் போட்ட பையன் வசனம் மறந்து அப்படியே நின்றுவிட்டான். அந்த மௌனத்தில் வகுப்பிலிருந்து ஒருவன் 'வாங்கிக்கோங்க சார், அக்கா கல்யாணத்துக்கு ஆகும்' என்று கத்தினான், இன்னொருத்தி 'வாங்காதீங்க' என்று கத்தினாள், பத்து நிமிஷம் ஒரே சண்டை. அந்தப் பையன் கலங்கிப்போய், 'மிஸ், நான் என்ன சொல்லட்டும்?' என்று என்னைக் கேட்டான். நாடகம் என்பது வாசிக்கும் வடிவம் அல்ல என்று அன்றைக்கு எனக்கும் புரிந்தது. இரண்டு பீரியட் போனது, உண்மைதான். அந்த இரண்டு பீரியடுக்குப் பிறகு அந்தப் பாடத்துக்கு நான் திருப்புதல் நடத்தவே இல்லை.

கணக்கு குரூப்:

மிஸ், நான் பிளஸ் டூ படிக்கிறேன். ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன், எழுதலாமா என்று தெரியவில்லை. எனக்கு ஈ.ஆர்.சி. தான் வரவில்லை, அதாவது கவிதை வரியைக் கொடுத்து, இடம் சுட்டி விளக்கச் சொல்லும் கேள்வி. எட்வின் மியூரின் 'தி காசில்' கவிதையில், தங்கம்தான் எங்கள் ஒரே எதிரி, அதை எதிர்த்துப் போராட எங்களிடம் ஆயுதம் இல்லை என்று வரும் வரி. கைடில் இருப்பதை எழுதினால் எல்லோருடைய விடையும் ஒரே மாதிரி இருக்கிறது என்று சார் திட்டுகிறார். சொந்தமாக எழுதினால் என்ன எழுதுவது?

கரையோர ஆசிரியை:

தாராளமாக எழுது தம்பி. கைடை மூடி வை. மூன்று கேள்விக்கு மட்டும் தமிழில் பதில் சொல். இந்த வரியைப் பேசுவது யார்? இதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது? இந்த வரியில் உனக்கு உறுத்துகிற சொல் எது? அதை நாலு சின்ன ஆங்கில வாக்கியமாக்கினால் அதுதான் ஈ.ஆர்.சி. பெரிய வார்த்தை ஒன்றும் தேவையில்லை. முயற்சி செய்து இங்கேயே போடு.

கணக்கு குரூப்:

தமிழில் எழுதுகிறேன் மிஸ், ஆங்கிலத்தில் நோட்டில் எழுதிவிட்டேன்.

பேசுவது கோட்டைக்குள் இருந்த வீரர்களில் ஒருவன். சுவர் உறுதி, சாப்பாடும் ஆயுதமும் இருக்கிறது, யாரும் உள்ளே வர முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னக் கதவு இருந்தது, அதை ஒரு கிழட்டுக் காவலாளி திறந்து எதிரியை உள்ளே விட்டுவிட்டான், காசு வாங்கிக்கொண்டு. சண்டையே நடக்கவில்லை. எனக்கு உறுத்தும் சொல் 'ஆயுதம் இல்லை'. அவர்களிடம் ஆயுதம் நிறைய இருந்தது என்று முன்னாலேயே சொன்னானே. அப்போது வேறு ஏதோ ஆயுதத்தைத்தான் சொல்கிறான்.

இன்னொன்று கேட்கலாமா மிஸ். சாகும்வரை சொல்வேன், எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது, எங்களை விற்றுவிட்டார்கள் என்று கடைசியில் அடித்துச் சொல்கிறான். உண்மையிலேயே ஒன்றும் செய்ய முடியாதவன் இவ்வளவு அடித்துச் சொல்வானா?

கரையோர ஆசிரியை:

தம்பி, இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் என் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. உனக்கு அப்படித் தோன்ற கவிதைக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறதா? இருந்தால் எந்த வரி?

கணக்கு குரூப்:

முதல் வரி மிஸ். அந்தக் கோடை முழுக்கச் சும்மா படுத்துக்கிடந்தோம், தினமும் சுவர் மேலிருந்து புல் அறுப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவனே சொல்கிறான். கதவை யாரும் பார்க்கவில்லை.